விளக்கிச் சொல்லப்பட்டது

1

படாரென்று ஒரு சத்தம். எவர்சில்வர் தூக்குவாளி சிமென்ட் தரையில் விழுந்தது. மூடி தனியாகக் கழன்று, சுழன்றுகொண்டே போய், கல்லா மேசையின் காலில் முட்டி நின்றது. புளிக்குழம்பு சேலைக் கட்டுகளை நோக்கி ஓடியது.

இந்தச் சத்தத்தை நான் இட்டுக்கட்டவில்லை. வாரப் பத்திரிகைக்குத் தொடர்கதை எழுதுகிறவள் முதல் வரியில் ஒரு சத்தம் வைப்பாள் என்று உங்களுக்குத் தெரியும். இருபத்தாறு வருஷமாக வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். கண்ணாடி உடையும், போன் அலறும், கதவு இடிபடும். இது மட்டும் நிஜமாக விழுந்தது. இந்த ஆவணியில், திருவில்லிபுத்தூர் ரத வீதித் துணிக்கடை ஒன்றில், ஜாக்கெட் துணிக்கு நிறம் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு நாலடி தள்ளி விழுந்தது.

கல்லாவில் இருந்த ரமீஜா எழுந்து எட்டிப் பார்த்தார். கடை அவர் கணவர் அப்துல் ரவூபுடையது. மத்தியான நேரத்தில் அவர் தொழுகைக்குப் போனால் ரமீஜாதான் உட்காருவார். குழம்புக்கு நடுவில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூனிக் குறுகி நின்றவளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. மாரிசெல்வி! பார்த்து இரண்டரை வருஷம் ஆகிறது. பிறகு அவளுடைய இடது கையைப் பார்த்தார். மலர்ந்த முகம் அப்படியே நின்றுவிட்டது.

தோளிலிருந்து மணிக்கட்டு வரை வெள்ளை பேண்டேஜ் துணி இறுக்கிச் சுற்றியிருந்தது. அதற்குக் கீழே புறங்கை, எலும்பே தெரியாமல் உப்பிப் பளபளத்தது. விரல்கள் மடங்கவில்லை. வாளி நழுவியது அதனால்தான்.

“கைய என்னட்டி இப்படி ஆக்கி வெச்சிருக்க? போன்ல நர்ஸு கேப்பால்ல, அவகிட்டச் சொல்லலயா?”

“எந்த நர்ஸுக்கா?”

கதை இந்த இரண்டு வரிகளிலேயே முடிந்துவிட்டது. இனி வருவதெல்லாம் என் கோபம்.

(நான் அந்த வாளியை எடுத்துக் கொடுக்கவில்லை. ஜாக்கெட் துணி பில்லின் பின்பக்கம் அவர்கள் பேசியதைக் குறித்துக்கொண்டிருந்தேன். கதை எப்படிப் பிறந்தது என்று கேட்பவர்களுக்கு: இப்படித்தான் பிறந்தது.)

2

மாரிசெல்விக்கு நாற்பத்து மூன்று வயது. பிறந்தது தேவதானம், வாக்கப்பட்டது ராஜபாளையம். சத்திரப்பட்டி ரோட்டில் ஒரு பேண்டேஜ் துணி மில்லில் வேலை. ஆஸ்பத்திரியில் காயத்துக்குச் சுற்றுகிற சல்லடைத் துணியைச் சுருள் சுருளாக வெட்டி, உறையில் போட்டு, ஒட்டி, பெட்டியில் அடுக்குவாள். நாட்டில் யாருக்கு எங்கே அடிபட்டாலும் அதில் பாதி தன் கைபட்ட துணிதான் என்பது அவளுடைய சின்னப் பெருமை.

ரமீஜாவுக்கு ஐம்பத்தொன்று. மகள் சென்னையில் ஐ.டி. கம்பெனியில்.

இருவருக்கும் ஒரே வருஷம் கேன்சர் வந்தது. ஒரே இடது மார்பு. மதுரையில் ஒரே தனியார் ஆஸ்பத்திரி, ஒரே டாக்டர். ரமீஜா பணம் கட்டி வைத்தியம் பார்த்தார். மாரிசெல்விக்கு அரசாங்கக் காப்பீட்டு அட்டை. ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்: கத்தி, மருந்து, கதிர் மூன்றும் இருவருக்கும் ஒரே மாதிரிதான் கிடைத்தன. அந்த டாக்டர் கை சுத்தமான கை. அட்டைக்காரி என்று ஒரு தையலைக் குறைத்துப் போடவில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் அதிகமாக எரிகிறது.

கதிர் வைத்தியம் இருபத்தைந்து நாள். காத்திருக்கும் பெஞ்சு இருவருக்கும் ஒன்று. மாரிசெல்வி ராஜபாளையத்திலிருந்து இருட்டோடு பஸ் ஏறி வருவதைத் தெரிந்துகொண்ட ரமீஜா, ஐந்தாம் நாளிலிருந்து திருவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் காரை நிறுத்தி அவளையும் ஏற்றிக்கொண்டார். போகும் வழியெல்லாம் இருவரும் சேர்ந்து தங்கள் மொட்டைத் தலையைக் கேலி செய்துகொண்டு போவார்கள். இனி சீப்பை எல்லாம் மில் மேனேஜருக்குக் கொடுத்துவிடலாம், அவருக்காவது நாலு முடி இருக்கிறது என்பாள் மாரிசெல்வி. டிரைவர் கண்ணாடியில் பார்த்துச் சிரிப்பை அடக்குவான்.

பெஞ்சில் பழைய வாரப் பத்திரிகைகள் குவிந்து கிடக்கும். ரமீஜா தஸ்பீஹ் மணி உருட்டுவார். மாரிசெல்வி அட்டை கிழிந்த பத்திரிகைகளை எழுத்துக் கூட்டி, ஆனால் விடாமல், வாசிப்பாள்.

இருபத்தைந்தாம் நாள். ரமீஜாவை ஒரு குளிர்சாதன அறைக்குள் அழைத்தார்கள். ஒரு நர்ஸ் அரை மணி நேரம் எதிரே உட்கார்ந்து பேசினார். கையில் இருபத்து நான்கு பக்கப் புத்தகம் ஒன்று கொடுத்தார். தமிழில். படம் போட்டு. அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்திருப்பதால் அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது, ஊசி போடக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, இன்ன இன்ன பயிற்சி செய்ய வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தரம் வர வேண்டும். வருஷத்துக்கு ஒரு தரம் மறுபக்க மார்பைப் படம் எடுக்க வேண்டும். மாத்திரை ஐந்து வருஷம், ஒரு நாள் விடாமல்.

மாரிசெல்வியை கவுன்ட்டருக்கு அழைத்தார்கள். பிளாஸ்டிக் உறையில் ஒரு ஃபைல். மூன்று மாதத்துக்கு மாத்திரை. எல்லாம் முடிஞ்சுதும்மா, நல்லபடியாப் போயிட்டு வாங்க என்று சிரித்த முகத்தோடு சொன்னார்கள்.

அவள் அழுதாள். சந்தோஷத்தில். வராண்டாவில் காத்திருந்த புருஷனிடம் ஓடிப்போய், முடிஞ்சுதாம் என்றாள்.

3

நான் கேன்சர் பற்றி எழுதுவது இது முதல் தடவை அல்ல. முப்பத்திரண்டு வாரம் ஒரு தொடர் எழுதினேன். நாயகி கார்த்திகா, பேங்க் ஆபீசர். நோய் வரும், காதலன் ஓடிப்போவான், இன்னொருவன் வருவான். கடைசி அத்தியாயத்தில் அவள் ஆஸ்பத்திரி ஃபைலைப் போகி நெருப்பில் வீசுவாள். “புகை மேலே போயிற்று. கார்த்திகா திரும்பிப் பார்க்கவில்லை. இனி அந்த வாசற்படியை மிதிக்கவேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை. முற்றும்.” அந்த ஒரு அத்தியாயத்துக்கு மட்டும் இருநூறு கடிதத்துக்கு மேல் வந்தது. அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது.*

* அந்தத் தொடருக்காக ஒரு டாக்டரைப் பார்த்து அரை மணி நேரம் பேசினேன். வைத்தியம் முடிந்த பிறகும் பத்து வருஷம் கண்காணிப்பில் இருக்கணும்மா என்றார். நோட்டில் எழுதி வைத்தேன். கதையில் சேர்க்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தரம் வரிசையில் உட்கார்ந்து டோக்கன் வாங்குகிற நாயகியை வைத்துக்கொண்டு எப்படி ‘முற்றும்’ போடுவது?

4

சரி, மாரிசெல்வியிடம் திரும்புவோம்.

மாத்திரை மூன்று மாதத்தில் தீர்ந்தது. மாத்திரை தீர்ந்தால் நோய் தீர்ந்தது என்று அர்த்தம். அவளுக்கு இதுவரை வந்த எல்லாக் காய்ச்சலும் அப்படித்தான் தீர்ந்திருக்கிறது. ஐந்து வருஷம் சாப்பிட வேண்டியதை மூன்று மாதத்தில் நிறுத்திவிட்டோம் என்று அவளுக்குத் தெரியாது. தெரியாத ஒன்றை யாரிடம் போய்க் கேட்பது?

நாலாம் மாதம் மில்லுக்குத் திரும்பினாள். இடது இடுப்பில் பெட்டி, வலது கையில் பெட்டி, பழையபடி. ஒரு நாள் வளையல் ஏறவில்லை. உடம்பு தேறுகிறது என்று நினைத்துக்கொண்டாள். மில் பெண்களும் சதை போட்டிருக்கட்டி என்றார்கள். சந்தோஷமாகக் கடையில் போய்ப் பெரிய வளையல் வாங்கினாள். அதுவும் ஏறாமல் போனபோது, பெட்டி தூக்கின வீக்கம் என்று முடிவு செய்தாள்.

வீக்கத்துக்கு என்ன செய்வது? உலகத்திலேயே அவளுக்கு நன்றாகத் தெரிந்த ஒரே மருத்துவப் பொருள் அவள் கையில்தான் இருந்தது. ஓரம் பிசிறிப்போன சுருளை மில்லில் எடுத்துக்கொள்ள விடுவார்கள். அதைக் கொண்டுவந்து தோளில் இறுக்கிக் கட்டி, மணிக்கட்டு வரை சுற்றினாள். வீக்கத்துக்குச் சுற்றுகிற துணியே வேறு, இழுவை உள்ளது. அதையும் விரல் பக்கம் அழுத்தமாகவும் தோள் பக்கம் தளர்வாகவும் சுற்ற வேண்டும். இதுவும் அந்தப் புத்தகத்தில் இருக்கிறது, பதினேழாம் பக்கத்தில், படத்தோடு. மாரிசெல்வி தலைகீழாகச் சுற்றினாள். வடிய வேண்டிய நீர் கீழேயே தங்கியது. கை இன்னும் வீங்கியது. அவள் இன்னும் இறுக்கினாள்.

ஒன்றரை வருஷம் இப்படி.

பக்கத்து டாக்டர் அதே கையில் ஊசி போட்டார், அதே கையில் ரத்த அழுத்தம் பார்த்தார். அந்தக் கை வேண்டாம் என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

இந்த ஆடியில் கழுத்தடியில், காறை எலும்புக்கு மேலே சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டது. வலி இல்லை. கட்டு இறுகினதில் வந்தது என்று விட்டுவிட்டாள்.

[அடுத்து இப்படி ஒரு வரி எழுதியிருந்தேன்: “விதி அவளைப் பார்த்துச் சிரித்தது.” அடித்துவிட்டேன். விதியாவது மண்ணாவது. இருபத்து நான்கு பக்கம். அவ்வளவுதான் வித்தியாசம்.]

5

வாரப் பத்திரிகைக் கதைக்கு வில்லன் வேண்டும். ஆஸ்பத்திரிக்கு முகம் கிடையாது. முகம் இல்லாததை ஓவியர் எப்படி வரைவார்? எனவே புருஷனைப் பிடித்தேன்.

தனுஷ்கோடி, லோடு வேன் டிரைவர். முதல் வடிவத்தில் அவனைக் குடிகாரனாக்கினேன். பெண்டாட்டி ஃபைலைப் பழைய பேப்பர்காரனிடம் எடைக்குப் போட்டுவிட்டு வருகிறவனாக எழுதினேன். எழுதும்போது கை ஓடியது. ஏனென்றால் ஃபைல் உண்மையிலேயே வீட்டில் இல்லை. அது எங்கே என்று மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் மாரிசெல்வி, “அத விடுங்கக்கா” என்று வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். புருஷனைக் காப்பாற்றுகிறாள் என்று நானே முடிவு கட்டினேன்.

பிறகு அவனை நேரில் பார்த்தேன். ஒல்லியான ஆள். அறுவைக்கும் மருந்துக்கும் சேர்த்து நாற்பது நாள் ஆஸ்பத்திரி வராண்டாவில் துண்டை விரித்துப் படுத்திருக்கிறான். கீமோ ஏறின நாளில் அவளுக்கு எது வாய்க்குப் பிடிக்கும் என்று தேடி மதுரைத் தெருத் தெருவாக நெல்லிக்காய்க்கு அலைந்திருக்கிறான். ஆஸ்பத்திரியில் சொன்ன இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன், ஒரு பன்னிரண்டு இருக்கும் என்றான். அதில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டேன்.

“இங்கிலீசுல இருந்துச்சு. சீக்கிரம் போடுங்க, பின்னால ஆளு நிக்குன்னாவ. போட்டேன்.”

நல்ல மனுஷன்தான். ஆனாலும் வேன் ஓட்டுகிறவன், வீட்டில் இல்லாதவன், ஞாபகம் குறைந்தவன். குடியை மட்டும் அடித்தேன். பழைய பேப்பர்காரனை அப்படியே விட்டுவைத்தேன். ஃபைல் எங்காவது போயிருக்க வேண்டுமே. அதற்கு எனக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது.

6

துணிக்கடையில் வாளி விழுந்த மறுநாளே ரமீஜா காரை எடுத்துக்கொண்டு ராஜபாளையம் போய் மாரிசெல்வியை ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் போனார். நான் போகவில்லை. அன்று அத்தியாயம் அனுப்ப வேண்டிய நாள். எனவே வரப்போகும் காட்சி ரமீஜா சொன்னது.

முதலில் எழுதியபோது மாரிசெல்வி கவுன்ட்டரில் நின்று ஒன்றரைப் பக்கம் பேசினாள். ஏழைகளின் உயிர், பணக்காரர்களின் உயிர் என்றெல்லாம். ரமீஜாவிடம் வாசித்துக் காட்டினேன். “அவ எங்கம்மா இப்படிப் பேசுனா? நீங்கதான் பேசுறீங்க” என்றார். கிழித்துவிட்டேன். நடந்தது இதுதான்.

டாக்டர் காறை எலும்பைத் தடவிப் பார்த்தார். முகம் மாறியது. ஃபைல் எங்கே என்றார். இல்லை என்றாள். இவ்வளவு பெரிய வைத்தியம் பார்த்துவிட்டு ஃபைலைத் தொலைக்கலாமா என்று கடிந்துகொண்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கட்டியிலிருந்து சதை எடுக்கச் சொல்லிவிட்டு, ஆபீசில் பழைய நகல் இருக்கும், வாங்கி வாருங்கள் என்று அனுப்பினார்.

கீழே கவுன்ட்டரில் ஒரு சின்னப் பெண். கண்ணுக்கு மை, கழுத்தில் அடையாள அட்டை. நகலைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். ஆறு பக்கம், ஆங்கிலம். ரமீஜா நின்றுகொண்டே வாசித்துத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். கடைசிப் பக்கத்தில், அடியில், ஒரே ஒரு வரி: மாத்திரையை ஐந்து வருஷம் தொடரவும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரவும்.

அதற்குக் கீழே ஊதா மையில் ஒரு சீல். இது மட்டும் தமிழில். ‘நோயாளிக்கு அவர் மொழியில் விளக்கிச் சொல்லப்பட்டது.’ அதன் மேல் தனுஷ்கோடியின் கோணல் கையெழுத்து.

ரமீஜா தாளைக் கவுன்ட்டர் மேல் வைத்தார். எனக்கு ஒரு புத்தகம் தந்தீர்களே, மாசா மாசம் போன் பண்ணுகிறீர்களே, இவளுக்கு ஏன் இல்லை என்று கேட்டார். அந்தப் பெண் மரியாதையாகத்தான் பதில் சொன்னாள். புத்தகமும் போனும் ரமீஜா எடுத்திருந்த பேக்கேஜில் வருவது. காப்பீட்டு அட்டையில் அது இல்லை. இவர்களுக்கும் எல்லாம் விளக்கியாகிவிட்டது, பாருங்கள், சீல் இருக்கிறது.

பேசிக்கொண்டே அவள் வேலையையும் விடவில்லை. இடது பக்கம் ஒரு அடுக்கு ஃபைல். ஒவ்வொன்றாகக் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, மையில் ஒற்றி, டக். அடுத்தது, டக். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போகப்போகிற நோயாளிகளின் ஃபைல்கள். மணி காலை பதினொன்று. அந்த நோயாளிகள் இன்னும் மேலே கட்டிலில் படுத்திருந்தார்கள்.

மாரிசெல்வி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்தச் சத்தம் தெரியும். மில்லில் அவள் இரண்டு வருஷம் சீல் மேசையில் இருந்தவள். ‘கிருமி நீக்கப்பட்டது’ என்று உறையில் குத்துகிற சீல். காலையில் கிருமி நீக்குகிற மெஷின் சூடாகும்வரை சும்மா இருக்க வேண்டாம் என்று, அன்றைக்குப் போகப்போகிற உறை அத்தனைக்கும் முன்னாடியே குத்தி அடுக்கிவிடுவார்கள்.

“பாப்பா,” என்றாள். குரலை உயர்த்தவில்லை. “நாங்களும் சீல முன்னாடியே குத்திருவோம். ஆனா பொறவு பெட்டிய மெஷினுக்குள்ள விட்டு எடுப்போம். நீங்க அத மறந்துட்டீங்க.”*

சீல் பிடித்த கை ஒரு நொடி நின்றது. பிறகு அடுத்த ஃபைலில் விழுந்தது. டக்.

 * மாரிசெல்வி இந்த வரியைச் சொல்லியிருக்க மாட்டாள், நீங்களே எழுதியது என்று பத்திரிகையில் உதவி ஆசிரியர் சொல்கிறார். ரமீஜா சத்தியம் செய்கிறார். கேன்சர் பற்றிய கதையில் சந்தேகப்பட வேண்டிய இடம் அதுதானா?

7

நான் சும்மா இருக்கவில்லை. பேருக்காவது நாலு பேரைக் கேட்டேன். கூமாப்பட்டி வெள்ளத்தாய்க்கு அதே அட்டை, அதே ஆஸ்பத்திரி. மாத்திரை எத்தனை நாள் என்றேன். தீர்ற வரைக்கும் என்றாள். மறுபக்கம் படம் எடுக்கச் சொன்னார்களா என்றேன். போட்டோவா என்று கேட்டாள்.

அவள் சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். வீட்டுக்கு வந்து நான்தான் ஒரு டம்ளரை உடைத்தேன்.

என்னுடைய கோபம் இதுதான், மிக எளிமையான கோபம். கத்திக்குச் செலவு உண்டு, மருந்துக்குச் செலவு உண்டு, கதிர் மெஷினுக்குக் கோடிக்கணக்கில் செலவு உண்டு. அதையெல்லாம் இந்தப் பெண்களுக்குக் கொடுத்தார்கள். கொடுக்காமல் விட்டது எது? பேச்சு. பத்து நிமிஷம் எதிரே உட்கார்ந்து, தமிழில், அம்மா இனிமேல் இப்படி இருக்கணும் என்கிற பேச்சு. ஒரு உயிரை இழுத்துப் பிடித்துக் காப்பாற்றிவிட்டு, அதை எப்படி வைத்துக்கொள்வது என்று மட்டும் சொல்லாமல் அனுப்பியிருக்கிறார்கள். அதைச் சொல்வது பேக்கேஜில் இல்லையாம். அப்புறம் எதற்காகக் காப்பாற்றினீர்கள் என்று

(இந்த வாக்கியம் இதற்கு மேல் பத்திரிகையில் வராது. விட்டுவிடுகிறேன்.)

இப்போது முடிவு. கட்டியிலிருந்து எடுத்த சதையின் ரிப்போர்ட் வருகிற செவ்வாய்க்கிழமை. அதற்கு முன்னால் இந்தக் கதையை அனுப்பியாக வேண்டும். என்னிடம் இரண்டு முடிவு இருக்கிறது.

முதல் முடிவு: ஒன்றுமில்லை, சாதாரணக் கட்டி. மாத்திரையைத் திரும்பத் தொடங்குகிறாள். சரியான துணியும் சரியான சுற்றும் கிடைத்து, கை மெல்ல வடிகிறது. ரமீஜாவின் புத்தகத்தை நகல் எடுத்து இருவரும் பெஞ்சு பெஞ்சாகக் கொடுக்கிறார்கள். வாசகர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த பக்கம் சமையல் குறிப்புக்குப் போவார்கள். கவுன்ட்டர் சொல்லும்: பார்த்தீர்களா, ஒன்றும் ஆகவில்லையே.

இரண்டாவது முடிவு: திரும்ப வந்துவிட்டது. எலும்பு வரை. தனுஷ்கோடி மறுபடியும் வராண்டாவில் துண்டு விரிக்கிறான். வாசகர்கள் அழுவார்கள். கவுன்ட்டர் சொல்லும்: பாவம், மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்திருக்கலாமே, ஃபைலையும் தொலைத்துவிட்டார்களே.

இரண்டிலுமே சீல் தப்பித்துவிடுகிறது. கட்டி என்னவாக இருந்தாலும் அந்த ஊதா மை பொய்தான். ஆகவே இரண்டையும் எழுதமாட்டேன். செவ்வாய்க்கிழமையை அப்படியே விட்டுவைக்கிறேன். நீங்கள் காத்திருங்கள். அவள் காத்திருக்கிறாளே. உங்களுக்குத் தெரிந்தவர்களில் யாராவது வைத்தியம் முடிந்து வீட்டுக்கு வந்திருந்தால், செவ்வாய்க்கிழமை வரை சும்மா இருக்காமல் போய், உனக்கு என்ன சொல்லி அனுப்பினார்கள் என்று கேளுங்கள். முடிவு உங்களுக்கே கிடைக்கும்.

8

இதோடு அனுப்பியிருப்பேன். ஆனால் கதையில் வருகிறவளிடம் ஒரு தடவை வாசித்துக் காட்டுவது மரியாதை என்று ரமீஜா சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ராஜபாளையத்தில் அவள் வீட்டுக்குப் போனேன்.

கையில் இப்போது பழுப்பு நிறத்தில் இழுவைத் துணி, விரல்நுனியிலிருந்து மேலே. ரமீஜா பதினேழாம் பக்கத்தைப் பார்த்துச் சுற்றிவிட்டது. பக்கத்து வீட்டு ராஜு குடும்பத்துப் பெண் தெலுங்கில் ஏதோ கேட்க, இவள் தமிழில் பதில் சொல்லி அனுப்பிவிட்டு, எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். தனுஷ்கோடி வாசலில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தான்.

வாசித்தேன். வாளி விழுந்த இடத்தில் சிரித்தாள். மில் மேனேஜர் முடியில், அத எடுத்துருங்கக்கா, அவரும் பத்திரிகை வாசிப்பாரு என்றாள். சீல் வந்த இடத்தில் என் காப்பி டம்ளரை அருகே நகர்த்தி வைத்தாள். இரண்டு முடிவுகளையும் கேட்டாள். செவ்வாய்க்கிழமையைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

தனுஷ்கோடி ஃபைலைப் பழைய பேப்பர்காரனுக்குப் போடுகிற பகுதியை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தேன். என் பிரதியில் அது அப்போது ஒரு முழுப் பத்தி. சண்டையும் அழுகையுமாக நன்றாகவே எழுதியிருந்தேன். மாரிசெல்வி நல்ல கையை நீட்டி என் தாளின் மேல் வைத்தாள்.

அதை எடுத்துவிடச் சொன்னாள். கதைக்கு ஒரு காரணம் வேண்டுமே, ஃபைல் எப்படித்தான் போயிற்று என்றேன். வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். தண்ணீர் பீய்ச்சுகிற சத்தம் கேட்டது. பத்திரிகையில் வந்தால் ஊரே படிக்கும், அந்த மனுஷன் தலை குனிவார் என்றாள். அப்போதும் நான் விடவில்லை. இன்னொரு முறை கேட்டேன். சொன்னால் வருத்தப்படக் கூடாது என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, மடியில் கிடந்த வீங்கின கையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

“அவிய தொலைக்கலக்கா. அந்தக் கதிரு வைக்கிற பெஞ்சுல உங்க கதையப் படிச்சேன், கார்த்திகா போகில போட்டுட்டு வருவால்ல, அதப் பாத்துட்டுத்தான் நானும் பக்கத்து ராஜு வீட்டுப் போகில கொண்டுபோய்ப் போட்டேன்.”